வேலியோரம் போட்ட குழாய்க்கிணறு

பலாபத்வல ஊர் ஸக்கரியாவைப் போல வன்மம் பிடித்த விவசாயியை நான் பார்த்ததில்லை. பக்கத்துத் தோட்டத்து றம்ஸி சொந்த மச்சான். இருந்தும் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. றம்ஸியின் குழாய்க்கிணற்றில் சேறு அடைத்துத் தண்ணீர் குறைந்திருந்தது. அது ஸக்கரியாவுக்குப் போதவில்லை. துளை போடும் யோகராஜை அழைத்துவந்து வேலியைக் காட்டினார்.

"இதோட ஒட்டிப் போடு. அவன்ட மிச்சத் தண்ணியும் எனக்கு வரணும்."

"சரி முதலாளி."

துளை இறங்க இறங்க, ஆழத்தில் பாறை வெடிப்பு தட்டுப்பட்டது. கல்தூளை வெளியேற்ற அடித்த கம்ப்ரஸர் காற்று அந்த வெடிப்பு வழியே பாய்ந்து, றம்ஸியின் கிணற்றுச் சேற்றையெல்லாம் வெளியே பீய்ச்சியது. பின்னாலேயே தெளிந்த தண்ணீர் பொங்கியது.

வருஷக்கணக்காக வாய் திறக்காத றம்ஸி வேலிக்கு மேலால் கத்தினார்:

"மச்சான், இன்னும் கொஞ்சம் ஊதச் சொல்லுங்க!"