‘வெளியே’ போல்டர்

திருச்செங்கோட்டில் தண்ணீருக்குப் போர் போடும் ரிக் வண்டிகளை அனுப்புகிற ஆபீஸ் ஒன்றில் அந்த மேனேஜரைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத சட்டை, பையில் மூன்று நிறப் பேனா. எந்த வேலையைச் சொன்னாலும் செய்யமாட்டார். செல்போனில் அதற்கு ஒரு போல்டர் தேடுவார். போனில் பேசி முடிக்கிற வேலைகளுக்கு ஒன்று, ஆபீஸில் முடிப்பவைக்கு ஒன்று, வெளியே போகும்போது முடிப்பவைக்கு ஒன்று.

சேந்தமங்கலத்தில் என் பாக்குத் தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது. வண்டி கேட்டு மூன்றாம் முறையாகப் போனேன். வண்டி வாசலிலேயே சும்மா நின்றது; டிரைவரும் அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

“அந்த டிரைவருகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்களே,” என்றேன்.

“அது ‘வெளியே’ போல்டர்ல இருக்குதுங்க. நான் இப்ப ஆபீஸ்ல இருக்கறேனுங்க,” என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

வேறு வண்டி பிடித்துப் போர் போட்டேன். அதற்குள் பாதி மரங்கள் போய்விட்டன. ஒரு மாதம் கழித்து அவரே போன் செய்தார்.

“போர் போட்டாச்சுங்களா?”

“வேற வண்டி வந்து போட்டுதுங்க.”

“ரொம்பச் சந்தோசமுங்க. டிக் பண்ணிக்கறேன்.”

தானே பூமியைத் துளைத்துத் தண்ணீர் கொண்டுவந்தவர் மாதிரி அந்தக் குரலில் அத்தனை நிம்மதி. ஒரு துரும்பையும் அசைக்காத மனுசனுக்கு அது எப்படிக் கிடைக்கிறதென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.