குடிலுக்குள் ஒரு மாத்திரை டப்பா

மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கூடவே களிமண்ணில் ஏதாவது செய்யுங்கள் என்றார் டாக்டர். போன வருடம் எங்கள் மர்பி டவுன் வீட்டில், கிறிஸ்துமஸ் குடிலுக்கான சொரூபங்களை நானே செய்தேன்.

பார்க்க வந்த நாத்தனார், "இவ்ளோ அழகா செய்யறவளுக்கு மாத்திரை எதுக்கு?" என்று என் மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினார். நானும் நம்பி, மாத்திரையை நிறுத்தித் தொலைத்தேன்.

சில நாளிலேயே தூக்கம் போய், தலை சுற்றி, பஸ் வருவதுகூடத் தெரியாமல் சாலையில் இறங்கிவிட்டேன். ஆட்டோக்காரர் ஒருவர் இழுத்துக் காப்பாற்றினார். நாத்தனாரோ, "உன் ஜெபம் பத்தல" என்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரிடம் போய் மறுபடி மாத்திரையைத் தொடங்கினேன்.

இந்த வருடம் குடிலில், இடையர் சொரூபங்களுக்குப் பக்கத்திலேயே மாத்திரை டப்பாவை வைத்தேன். நாத்தனார் முகம் சுளித்தார்.

"இது இருந்தாத்தான் இந்த வீட்டுல குடில் இருக்கும், அக்கா. இப்ப எடுத்துக் கொட்டுங்க, பாக்கலாம்!"

அவர் கை நீளவில்லை.

— ஒரு வாசகி, பெங்களூரு