துணியில் வடித்த பெட்ரோல்

நான் முதலில் அடித்தது டிராக்டரைத்தான். அதை முதலில் சொல்லிவிட்டால், பிறகு அடித்ததைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வரும்.

பொங்கலூர்ப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. திருப்பூரில் பனியன் துணி வெட்டிக் கொடுக்கும் சின்ன யூனிட். மூடிப்போன மில் ஒன்றின் புல்தரையில் ஓடிக்கொண்டிருந்த பழைய தோட்ட டிராக்டர் ஒன்றைத் தோப்புக்கு வாங்கி வந்தேன். ஒரு கட்டில் நீளம்தான் இருக்கும். வயிற்றுக்கடியில் சுழலும் கத்தி களையை வெட்டும். பின்னால் மாட்டிய சின்ன டிரெய்லர் தேங்காய் இழுக்கும். பெட்ரோல் எஞ்சின். நான்கு வருடம் சொன்ன பேச்சைக் கேட்டது. அப்புறம் ஸ்லோவில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது.

ஆக்சிலேட்டரைக் கூட்டினால் நன்றாக உறுமும். விழுந்து கிடக்கும் மட்டையை எடுத்துப் போடலாம் என்று குறைத்துவிட்டு இறங்கினால், இரண்டு விக்கல் விக்கி அணைந்துவிடும். பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. புல்லியில் கயிற்றைச் சுற்றி, காலை ஊன்றி, இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். ஒரு வரிசைத் தென்னைக்குள் ஆறு தடவை இழுத்த நாள் உண்டு. ஆறாவது தடவை நான் அதை உதைத்தேன். கால் பெருவிரல் நகம் பெயர்ந்தது. வீட்டுக்காரி எண்ணெய் போட்டுக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அதுக்கு வலிச்சுதுங்களா?"

டிராக்டரை ஓட்டியவர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். என் யூனிட்டிலேயே கட்டிங் டேபிளில் பதினைந்து வருடம் நின்றவர். முதுகு போனபிறகு தோப்புக்கு வந்துவிட்டார். எஞ்சின் விஷயத்தில் அவருக்கு ஒரு பழக்கம். திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியை இடது காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். நான் ஏதாவது பேசினால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். நான் முதலாளி, ஆனாலும் அந்த விரலுக்கு வாயை மூடிக்கொள்வேன். கேட்டு முடித்து அவர் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இந்தத் தடவையும் திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"எஞ்சின்ல கோளாறு இல்ல மொதலாளி. சாப்பாடுதான் சரியாப் போகல. பெட்ரோல துணியில வடிக்காதிய. பஞ்சு உதிருது."

கேனில் இருக்கும் பெட்ரோலை டேங்கில் ஊற்றும்போது நான் பனியன் துணியில் வடித்துத்தான் ஊற்றுவேன். எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் வெட்டி மிஞ்சிய துணி, கட்டிங் வேஸ்ட்தான். கை துடைக்க, வண்டி துடைக்க, காயம் கட்ட, பைப் ஒழுகினால் சுற்ற. யூனிட்டில் இருந்து மூட்டையாகத் தோப்புக்கு வரும். அந்தத் துணியைப் போய் அவர் குறை சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

"கப்பல் ஏறிப் போற துணிங்க அண்ணாச்சி அது. வெள்ளைக்காரனே குறை சொல்லல. நீங்க சொல்றீங்களே" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் விடவில்லை. பிளக்கை மாற்றினேன். ஏர் ஃபில்டரைத் தட்டினேன், அதையும் நசுங்கும் அளவுக்குத் தட்டினேன். எதுவும் ஆகாமல், கார்புரேட்டரில் இருக்கும் ஸ்லோ திருகாணியை என் இஷ்டத்துக்கு உள்ளே முறுக்கினேன். இப்போது அணையவில்லை. ஆனால் ஸ்லோ என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. கிளட்சை விட்டதும் வண்டி பாய்ந்தது.

அன்று காலை அண்ணாச்சிதான் ஓட்டினார். வாய்க்கால் மேட்டில் கிளட்சை விட்டார், வண்டி கட்டவிழ்த்த காளை மாதிரி ஒரே பாய்ச்சலில் சொட்டுநீர் வால்வின் மேல் ஏறியது. பைப்பு உடைந்து தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சியது. சுழலும் கத்தி ரப்பர் குழாயை இழுத்துச் சுற்றிக்கொள்ள, அறுந்த முனை அண்ணாச்சியின் முழங்காலில் சாட்டையடியாக விழுந்தது. தென்னையில் மோதி வண்டி அணைந்தது. நொண்டிக்கொண்டே போய் அவர் மெயின் வால்வை அடைத்தார். குற்றம் என்னுடையது. திருகாணியை முறுக்கியது நான். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததனால்தான் கோபம் தலைக்கேறியது.

"தள்ளுங்க" என்று கயிற்றை நானே புல்லியில் சுற்றி இழுத்தேன். எஞ்சின் திருப்பி உதைத்தது. கயிறு என் மணிக்கட்டை முறுக்கி இழுத்து பானெட்டில் அடித்தது. எலும்பு நொறுங்கியதோ என்றுகூடத் தோன்றியது. கீழே கிடந்த தென்னமட்டையை இடது கையில் எடுத்து அந்த வண்டியை அடித்தேன். விளக்கு உடைந்தது. மட்டை பிளந்தது. மூச்சு வாங்க நின்றபோது பக்கத்தில் அவர் குரல், தணிவாக.

"துணிதான் மொதலாளி. நான் சொல்லுதேன்லா."

"துணியப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?"

அண்ணாச்சி என்று அழைத்த வாய் 'டா' என்றது. அடிபட்ட அதே வலது கையால் அறைந்தேன். கன்னத்தை நோக்கித்தான் வீசினேன். உள்ளங்கை குவிந்து காதின் மேல் விழுந்தது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், எனக்கே கேட்டது.

அவர் அப்படியே உட்கார்ந்தார். தலையை ஒரு தடவை உதறினார். பிறகு எழுந்து, மண்ணில் விழுந்த திருப்புளியை எடுத்துத் துடைத்து, டூல் பெட்டியில் போட்டு மூடினார். நொண்டியபடி பஸ் ரோட்டைப் பார்க்க நடந்தார். மோட்டார் ரூம் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"உங்க கை ஒடஞ்சு போகோணுமுங்க."

கை ஒடியவில்லை, வீங்கியதோடு சரி. நான்காம் நாள் கார்புரேட்டரை மட்டும் கழற்றி பல்லடம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் பிரித்து, ஊசியளவு இருந்த ஸ்லோ ஜெட்டை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். ஓட்டையில் வெளிச்சம் வரவில்லை. மெல்லிய கம்பியை விட்டு இழுத்தார். ஒரு பிசிர் வந்தது. அதை விரலில் தேய்த்து என்னிடம் நீட்டினார்.

"பெரிய ஓட்டையில இது போயிருமுங்க. அதான் ஆக்சிலேட்டர் குடுத்தா ஓடுது. ஸ்லோவுக்கு இந்தப் பொடி ஓட்டைதான், இதுல மாட்டிக்குச்சு. என்னங்க, டேங்குக்குள்ள பனியன் கம்பெனி ஓட்டறீங்களா?"

ரோஸ் நிறப் பஞ்சு. எந்த ஆர்டர் என்றுகூட எனக்குத் தெரிந்தது. என் டேபிளில் நான் வெட்டிய துணி. பாய் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு சீட்டில் அந்தப் பஞ்சை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மாட்டியதும் வண்டி முதல் இழுப்பில் கிளம்பியது. குறைத்தேன். அணையவில்லை. அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். தறி குடோனை ஒட்டிய லைன் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் தடதடத்துக்கொண்டே இருக்கும். அவர் மனைவி கதவைத் திறந்தார். வாங்க என்று சொல்லவில்லை.

"காதுச் சவ்வு கிழிஞ்சு போச்சாம். தானா கூடுனாலும் கூடுமாம், கூடாமலும் போவுமாம். டாக்டர் சொல்லுதாரு" என்றார். "என்னத்துக்கு அடிச்சிய?"

அண்ணாச்சி கட்டிலில் இருந்து எழுந்து வந்தார். சீட்டைப் பிரித்து ரோஸ் பஞ்சைக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை, பார்த்தார், தலையாட்டினார்.

"என்னை அடிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன். எனக்கு வேறு விதமாக மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அதுதான் உண்மை. "எல்லாரும் பாக்கட்டும். ரெண்டு அடி."

"அடிச்சா எனக்குக் கேக்கவா போவுது?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு, "இப்ப ஸ்லோ நிக்கா?" என்றார்.

"நிக்குதுங்க. வீடியோ எடுத்திருக்கேன்."

போனை வாங்கினார். வருடக்கணக்காக எனக்குத் தெரிந்த அதே பழக்கம். இடது காதில் அழுத்திக் கண்ணை மூடினார். நான் வாய் திறக்கப் போனேன், அவருடைய விரல் உயர்ந்தது. நின்றேன். தறிகள் அடித்துக்கொண்டிருந்தன.

"ம். போடுங்க மொதலாளி" என்றார்.

வீடியோவைப் போட்டுத்தான் கொடுத்திருந்தேன், எஞ்சின் அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கத்தி மூடியின் அதிர்வுகூடத் தெரிந்தது. அவர் மனைவிதான் பக்கத்தில் வந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து, போனை மறு காதுக்கு மாற்றி வைத்தார். அண்ணாச்சி கண்ணைத் திறக்கவில்லை. விரலும் இறங்கவில்லை. முழுவதும் கேட்டார்.

"கொஞ்சம் கூடுதலா ஓடுது" என்று போனை நீட்டினார். "அரைத் திருகு குறைச்சிருங்க. இல்லன்னா மறுபடியும் பாயும்."

தோப்புக்குத் திரும்பி அரைத் திருகு குறைத்தேன். அவர் சொன்னது சரிதான்.