யாரும் முத்தமிடாத காட்சி

கனடாவில், வில்லரே என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. டிவியில் இரண்டு முகங்கள் நெருங்கினால் அப்பா உடனே காலநிலைச் சனலுக்கு மாற்றிவிடுவார். மொன்றியலில் எப்போது பனி கொட்டும் என்பது எட்டு வயதிலேயே எனக்கு அத்துப்படியானது அப்படித்தான்.

இலங்கையில், ஊரில் சண்டை முடிந்த பிறகு, அம்மாவின் தங்கையான சின்னம்மா எங்களோடு வந்து இருந்தார். அவரைப் பெண் பார்க்க ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லொங்குய்யிலிருந்து ஒரு மாப்பிள்ளை தன் அக்காவோடு வந்தார். ஒருவரும் கதைக்காவிட்டால் வீடு வெறிச்சென்று கிடக்குமே என்று அம்மா டிவியைப் போட்டுவைத்திருந்தார். ஏதோ பழைய இங்கிலாந்துப் படம், கறுப்பு வெள்ளை. போருக்குப் போனவனுக்காக ஒருத்தி காத்திருந்தாள். போர் முடிந்தும் அவன் வரவில்லை. இன்னொருவன் அவளைக் கல்யாணம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

மாப்பிள்ளை போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இது அந்த நாளையிலையே ஒருத்தருக்கும் பிடிக்காத படமாம்," என்றார். மரியாதைக்கு எல்லோரும் சிரித்தோம். சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. கொடுக்க வந்த றோல்ஸ் பலகாரத் தட்டைக் கையில் வைத்தபடி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் ஒரு கப்பல் வந்தது. சிப்பாய்கள் இறங்கினார்கள். அவள் கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அந்த நேரம் பார்த்து அப்பா காலநிலைக்கு மாற்றினார்.

எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. யாரும் யாருக்கும் முத்தம் கொடுக்கவில்லையே! எங்கள் வீட்டுச் சட்டப்படி அது குற்றமில்லாத காட்சி.

"அத்தான், மாத்தாதேங்கோ!"

சின்னம்மா போட்ட சத்தத்தில் மாப்பிள்ளையின் தேத்தண்ணி சிந்தியது. அப்பா நிமிராமல் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்ப மாற்றவில்லை. மாப்பிள்ளையின் அக்கா, "நாங்கள் பேந்து கோல் எடுக்கிறம்," என்று எழும்பினார். அந்தத் தொலைபேசி அழைப்பு வரவேயில்லை.

அவர்கள் போனதும் அம்மா, "பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சு," என்று அந்தப் படத்தைத் திட்டித் தீர்த்தார். நான் குசினிக்குப் போனேன். சின்னம்மா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"அவன் வந்திருப்பானோ, பிள்ளை?"

டிவியில் நான் கடைசியாகக் கண்டதைத்தானே சொல்லலாம். "நாளைக்கு ஸ்னோ கொட்டுமாம், சின்னம்மா," என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு ஈரக்கையோடு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கடைசிச் சண்டையில் காணாமற்போன ஒருவர் அவருக்கு இருந்தார் என்பதும், அது அப்பாவுக்குத் தெரியும் என்பதும் நான் வளர்ந்த பிறகு அறிந்தவை. அன்றைக்கு, மாப்பிள்ளை எழும்பிப் போன கவலை என்றுதான் நினைத்தேன். முதுகைத் தடவித் தேற்றினேன்.

"அழாதேங்கோ, சின்னம்மா. வேறை ஆள் வருவார்."