பஸ்காரரின் ரிமோட்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அக்கா முதலில் அண்ணாந்து பார்ப்பாள். யார் யார் இருக்கிறார்கள், எங்கே உட்காரலாம் என்பதெல்லாம் அப்புறம்தான். ஃபேன் எங்கே தொங்குகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். தெரிந்ததும் சுவரோரமாக ஒரு மூலையைப் பிடித்துக்கொள்வாள். அங்கேயும் காற்று துரத்தினால் எழுந்து வேறு மூலைக்குப் போவாள். சொந்தக்காரர் வீடு, பேங்க், தம்பியின் கல்லூரி விழா, எங்கே போனாலும் இதே கூத்து. "உங்க அக்காவுக்கும் ஃபேனுக்கும் என்னடா பங்காளிச் சண்டை?" என்று நண்பன் ஒருவன் கேட்டபோது தம்பியும் சேர்ந்து சிரித்தான். வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தும், அது கண் வலி என்று அவனுக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

சட்டை தைக்கும் ஃபேக்டரியில் அவளுக்குத் துணி செக்கிங் வேலை. சாய்வான கண்ணாடி மேஜை, அடியில் டியூப்லைட், மேலே துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை என்று எது கண்ணில் பட்டாலும் காலடியில் இருக்கும் மிதியை அமுக்கித் துணியை நிறுத்த வேண்டும். ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். ஒட்டாமல் விட்டது நேராகக் கட்டிங்குக்குப் போய், முன்பின் தெரியாத ஒருவருடைய சட்டையில் நெஞ்சுக்கு நேராக வந்து நிற்கும். துணி ஓடும்போது இமைத்தால் ஒரு முழம் போய்விடும் என்பாள். அதனால் இமைப்பதில்லை. அப்பா படுக்கையில் விழுந்ததும் நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தவள், தம்பி கல்லூரிக்குப் போகும்போது அந்த மேஜைக்கு வந்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவன்தான். தன் பட்டம் எவ்வளவு நீளத் துணி என்று அவன் சில நாள் யோசித்ததுண்டு. யோசித்ததோடு சரி.

கண் முழுதாக வறண்டுபோனது பிறகுதான். மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு பழையபடி. கண் கோவைப்பழமாகிவிடும். கறைகள் தப்ப ஆரம்பித்தன.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கணும்மா" என்றார் சூப்பர்வைசர்.

"அதையும் விட்டுப் பார்த்துட்டேன் சார்."

பக்கத்து மேஜைப் பெண்கள் துணியில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு ரோல் துணி இப்படித் திரும்பி வந்தால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். பேக்கிங் ஹாலில் நான்கு பக்கமும் ஆள் உயர ஃபேன்கள். அன்று வீட்டுக்கு வந்தவள் உட்காரவே இல்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். "அங்க போனா எனக்குக் கண்ணு அவ்வளவுதான்டா" என்பதை வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். புருவத்துக்குக் கீழே, கண்ணீர் சுரக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார்கள். வெளியே கையில் ஒரு ரிமோட். அதைப் புருவத்தில் வைத்து அமுக்கினால் உள்ளே இருப்பது நரம்பைத் தூண்டும், கண்ணீர் வரும். விளக்கத் தாள்களை எல்லாம் தம்பிதான் படித்துச் சொன்னான். படித்த பிள்ளை வீட்டில் இருக்கும்போது வேறு யார் சொல்வது? ஒரு வரி விடாமல் சொன்னான்.

"இது ஒரு சோதனைதான்க்கா. பாதிப் பேரோட ரிமோட்டு சும்மா அதிரும், கரன்ட் போகாது. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது. சோதனை முடியுற வரைக்கும் இருந்தா, அப்புறம் எல்லாருக்கும் நல்லதாவே கொடுத்துடுவாங்க."

"அப்ப எனக்குச் சும்மாதான் வரும்" என்றாள் அக்கா. "ரேஷன் கடையில கூட என் முறை வர்றப்பதான் மூட்டை காலியாகும்."

அப்படியேதான் ஆயிற்று. தையல் பிரித்து ரிமோட் கையில் வந்ததும் புருவத்தில் வைத்து அமுக்கினாள். வண்டு மாதிரி அதிர்ந்தது. சொட்டு இல்லை. மறுபடி, மறுபடி. சாப்பிடும்போது, நடக்கும்போது, பேச்சின் நடுவே அமுக்கிக்கொண்டே இருந்தாள். சூப்பர்வைசர் கெடு வைத்த இரண்டு ரோலில் ஒன்று அதற்குள் திரும்பி வந்துவிட்டது.

அவளுக்கு ஆபரேஷன் நடந்த அன்றே ஒரு பஸ் டிரைவருக்கும் நடந்தது. அதனால் செக்கப்பும் ஒரே நாளில். தடித்த மீசை, ஓயாத பேச்சு. ஆஸ்பத்திரி ஹாலில் அக்கா மூலை தேடுவதைப் பார்த்து, "வாம்மா, நம்ம ஜாதி ஜனம் எல்லாம் இந்தச் சுவரோரம்தான்" என்று இடம் விட்டார். முன்கண்ணாடி வெயில், ஜன்னல் காற்று என்று அவர் கண்ணும் போயிருந்தது. இப்போது பரவாயில்லையாம். அமுக்கிக் காட்டினார். கன்னத்தில் பொலபொலவென்று வழிந்தது. "என் பொண்டாட்டி பார்த்துட்டு, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பதான் எனக்காக அழுறீங்கன்னு சொன்னா."

அக்கா சிரிக்கவில்லை. தன் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேக்கிங் ஹால் கதையைச் சொன்னாள். பாதிப் பேருக்குச் சும்மா அதிரும் என்று தம்பி படித்ததையும் சொன்னாள்.

"உள்ள வச்சது எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்று டிரைவர் தம்பியைக் கேட்டார்.

"ஆமாம்னுதான் போட்டிருக்கு."

"அப்ப ரிமோட்லதான் விஷயம்." அவர் கையை நீட்டினார். "அதைக் கொடும்மா. இதை நீ வச்சுக்க. எனக்கு இந்த மாசம் பாதி லீவு, பாதி டிப்போவுலதான் வேலை. சமாளிச்சுக்குவேன். அடுத்த தடவை வர்றப்ப மாத்திக்கலாம்."

தம்பிக்கு அது தப்பு என்று தெரிந்தது. தெரிந்ததைச் சொல்ல வாயும் இருந்தது. ஆனால் அக்கா அதற்குள் அமுக்கிவிட்டாள். முதலில் மூக்கு விடைத்தது, தும்மல் வருகிற முகம் போல. அப்புறம் இரண்டு கண்ணும் நிறைந்தன. துடைக்காமல் அப்படியே நின்று சுவரில் இருந்த எழுத்தை எல்லாம் வாய்விட்டுப் படித்தாள். "அண்ணே" என்றாள்.

அடுத்து வந்த நாட்களில் ஒரு கறை தப்பவில்லை. ஓரமெல்லாம் சிவப்பு அம்பாக ஒட்டித் தள்ளினாள். கன்னத்தில் நீர் வழிய நின்றவளைப் பார்த்துச் சூப்பர்வைசர், "இந்த நீலிக் கண்ணீரெல்லாம் எங்கிட்ட வேண்டாம், நான் இன்னைக்கு ஒண்ணுமே சொல்லலையே" என்றாராம். அதை வீட்டில் அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாள். பேக்கிங் பேச்சு நின்றுபோயிற்று.

ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் யாருடையது, எத்தனை தடவை அமுக்கியது எல்லாம் தெரிந்துவிடும் என்று அவர்கள் மூவருக்கும் தோன்றாமல் போனது. அடுத்த செக்கப்பில் நர்ஸ் மாட்டினார், நிமிர்ந்து பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"யார் மாத்தினது?"

"நான்தான் சார்" என்றார் டிரைவர், மூச்சு விடுவதற்குள். "பையில போடுறப்ப அந்தம்மாவோடதை எடுத்துட்டேன். வீட்டுக்குப் போயி தெரிஞ்சுது, சரி இருக்கட்டும்னு விட்டுட்டேன். பாவம், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்படியாம்மா?"

அக்கா வாயைத் திறந்தாள். பார்வை தரைக்குப் போனது. தலை அசைந்ததா இல்லையா என்று தம்பியால் இன்றுவரை சொல்ல முடியாது. டாக்டர் அவனிடம் திரும்பினார். "நீங்க படிச்சவரு. கூடவே இருந்தீங்க. பார்த்தீங்களா?"

"கவனிக்கலை சார்" என்றான்.

மாறியது தெரிந்தும் சொல்லாமல் விட்ட ஆளைச் சோதனையில் வைத்துக்கொள்ள முடியாதாம். டிரைவரை நீக்கினார்கள். அவருடைய ரிமோட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே இருப்பது வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்றார்கள். "இருக்கட்டும் சார், வாடகையா கேட்குது" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார். அக்காவுக்கு அவளுடைய பழைய ரிமோட்டையே கொடுத்தார்கள். சோதனை முடிந்ததும், சொன்னபடியே அதில் கரன்ட்டைத் திறந்துவிட்டார்கள். அதுவரை எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு மேஜையில் ஓட்டிவிட்டாள்.

அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எந்த பஸ்ஸில் ஏறினாலும் டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தாள். ஃபேக்டரிக்குப் போகாத பஸ்ஸில்கூட ஏறி, மீசையைப் பார்த்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். "நேர்ல பார்த்து, கண்ணு நல்லாயிருக்குண்ணே, உங்களாலதான்னு ஒரு வார்த்தை சொல்லிடணும்டா" என்பாள். கடைசியில் ஒரு கண்டக்டர் அடையாளம் சொன்னார். அந்த டிரைவருக்குப் பார்வை சரியில்லையென்று ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார்களாம். டிப்போவில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாராம்.

தம்பியையும் இழுத்துக்கொண்டு போனாள். ஜன்னலுக்குப் பின்னால் அவர் இருந்தார். மீசை அப்படியே இருந்தது. கண் மட்டும் கசக்கிய துணியைப் போலிருந்தது. நாற்காலியை ஃபேனுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டிருந்தார்.

"அட, வாம்மா. எந்தப் பஸ்ஸு வேணும்? எல்லாம் லேட்டு" என்று சிரித்தார். பிறகு கம்பிக்கு அருகே குனிந்து, குரலைத் தணித்துக் கேட்டார். "உனக்கு இப்ப எப்படி இருக்கு? வேலை செய்யுதா?"

அக்காவின் கை பைக்குள் இருந்தது. ரிமோட் அங்கேதான் இருந்தது. அவள் அவருடைய கண்ணைப் பார்த்தாள்.

"இல்லண்ணே" என்றாள். "எனக்கும் நிறுத்திட்டாங்க."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு இறங்குவதைத் தம்பி பார்த்துக்கொண்டே நின்றான். "அடப்பாவமே" என்றார் அவர். "நீயாவது நல்லாயிருப்பேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ராத்திரி கண்ணு எரியுறப்பல்லாம், போகட்டும், அந்தப் பொண்ணு துணி பார்த்துக்கிட்டிருக்கும்னு சொல்லிக்குவேன்." மேஜை இழுப்பறையைத் திறந்து, பிரிக்காத சொட்டு மருந்துக் குப்பி ஒன்றை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினார். "இது நல்லா நிக்குது. எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு. பிடி."

அவள் வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது தடவையாகத் தம்பி பக்கத்தில் நின்று பேசாமல் இருந்தான். ரோட்டுக்கு வந்த பிறகுதான், "ஏன்க்கா அப்படிச் சொன்னே?" என்று கேட்டான்.

"அந்தக் கண்ணைப் பார்த்துக்கிட்டு, எனக்கு நல்லாயிருக்குன்னு எப்படிடா சொல்றது?"

"அவர் அதைக் கேட்கத்தானேக்கா காத்துக்கிட்டிருந்தாரு."

அவள் நடையை வேகமாக்கினாள். திரும்பிப் போகலாமா என்று அவன் கேட்டதற்கு, வர்ற வாரம் என்றாள். குப்பி ஃபிரிட்ஜ் கதவில் பிரிக்காமலே இருக்கிறது. அவளுக்கு அது தேவையில்லை, எறியவும் விடமாட்டாள். வாரா வாரம் தம்பி கேட்கிறான். வர்ற வாரம் என்கிறாள். டிப்போ அவர்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்தான்.