சிவப்புக் கட்டத்தைப் படித்தவர்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடுவோம். ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டுகள் அன்று காலையிலேயே டிசைன் கேட்பார்கள். இந்த முறை போனிலேயே பார்த்து ஆர்டர் போட ஒரு தளம் செய்து தருகிறேன் என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஜாவாஸ்கிரிப்டில் நானே எழுதினேன். என் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடியது.

பூஜைக்கு முந்தின நாள் அதை சர்வரில் ஏற்றி, அங்கே இடத்தை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் கம்பெனியின் பேனலில் கேட்டதையெல்லாம் நிரப்பினேன். எந்த ஃபோல்டர், எந்த முகவரி, முதலில் ஓட வேண்டிய ஃபைல் எது, எல்லாம். தளம் ஓடத் தேவையான, பிறர் எழுதிய துணை நிரல்களை நிறுவும் பட்டனை அமுக்கினால் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. மூடிவிட்டு மறுபடி அமுக்கினேன். மறுபடி சிவப்பு. சாயங்காலம் வரை இதே பிழைப்பு. ஹோஸ்டிங்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "நாளைக்குத் தொறக்கலேன்னா ஏஜெண்டு பூராம் அடுத்த கம்பெனி ஆல்பத்தைத் தூக்கிட்டுப் போயிருவான், பாத்துக்கோலே."

பக்கத்து மேசையில் புரூஃப் பார்க்கும் அக்கா இருந்தார். தினசரி காலண்டர் தாளில் ராகுகாலம், திதி என்று வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பவர். போன வருடம் அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்திருந்ததைக் கண்டுபிடித்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினையே நிறுத்தினார்.

"எதுக்கு தம்பி இம்புட்டு வையிறீக? அதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சீகளா?"

"எரர்னு போட்டிருக்கு. வேறென்ன போடுவான்?"

"மூடாம வைங்க."

ஸ்கேலோடு எழுந்து வந்தார். அதைத் திரையிலேயே வைத்து, ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக முணுமுணுத்துப் படித்தார்.

"நோட் மாட்யூல்ஸ்னு ஒரு ஃபோல்டர் உங்க ஃபைலுகளோட இருக்கக் கூடாதாம். அவுகளே அதைத் தனியா வேற எடத்துல வச்சுக்கிடுவாகளாம். நீங்க அதையும் ஏத்தினீகளா?"

"ஏத்தாம? எல்லாத்தையும் சேத்துக் கட்டித்தானே அனுப்பணும்!"

அச்சகத்துப் புத்தி அது. அச்சுப் பிளேட் எடுக்க அனுப்பும்போது ஃபான்ட், படம் எதையும் விடாமல் கூடவே வைத்து அனுப்புவோம். ஒரு ஃபான்ட் விட்டுப்போனால் தமிழெல்லாம் கட்டம் கட்டமாக விழும். அந்தப் பயத்தில், துணை நிரல்கள் கிடந்த ஃபோல்டரையும் சேர்த்து, காலை முழுக்க ஆயிரக்கணக்கான பொடி ஃபைல்களை ஏற்றியிருக்கிறேன். பேனலுக்கு அவற்றின் பட்டியல் மட்டும் போதுமாம். மற்றதை அதுவே இறக்கிக்கொள்ளும்.

ஃபோல்டரை அழித்தேன். பட்டனை அமுக்கினேன். சிவப்பு வரவில்லை. ரீஸ்டார்ட் கொடுத்ததும் தளம் திறந்தது. அக்கா ஸ்கேலை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டார்.

மறுநாள் பூஜை முடிவதற்குள் சாத்தூர் ஏஜெண்டின் ஆர்டர் தளத்தில் வந்து விழுந்தது. முதலாளி என் முதுகில் தட்டினார்.

"நான் ஒண்ணும் கிழிக்கல. புரூஃப் பாக்குற அக்காதான் தொறந்து வச்சாக" என்றேன்.

"அவுகளுக்குக் கம்ப்யூட்டர் என்னலே தெரியும்?" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"வாசிக்கத் தெரியும்" என்றேன்.