மூன்றாம் மதிலின் கதவு

உறையூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கலைமதிக்கு வேலை. பகலெல்லாம் கல்யாண ஆல்பங்களில் மணமக்களின் முகப்பருவை அழிப்பாள். வீட்டுக்கு வந்தால் ஊர் கட்டுவாள். கணினியில் வீரனாகவோ வைத்தியச்சியாகவோ வேடமேற்று ஆடும் விளையாட்டு அது. ரசிகர்கள் தங்கள் பங்குக்குப் புதிய ஊர்களைச் சேர்த்துக்கொள்ளக் கருவிகளும் உண்டு. அப்படிச் சேர்ப்பதை மாட் என்பார்கள். மூன்று வருடம் உழைத்து, ஏழு மதில் சூழ்ந்த ஒரு தீவு நகரத்தைத் தமிழ் பேசும் மக்களோடு எழுப்பியிருந்தாள். கதவுகளை இயக்கும் நிரல் வேலை மட்டும் ஸ்ரீரங்கத்து ஹரிஹரசுதனுடையது. ரசிகர் தளத்தில் வெளியிட்டு நான்கே நாளில், அந்த வருடத்தின் சிறந்த மாட் போட்டியில் அது முதலிடத்தில் நின்றது. ஞாயிறு மாலை முடிவு.

ஞாயிறு காலை உஸாமா போன் செய்தான். பாலக்கரையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். விளையாட்டு வழியாக அறிமுகமானவன்.

"அக்கா, உங்க ஊர்ல என்னை மூணாவது மதிலுக்குள்ள விட மாட்டேங்கிறாங்க."

"சாவி எடுத்தியா?"

"சாவி, வாள் எல்லாம் இருக்கு. டிராகனையே கொன்னுட்டு வந்து நிக்கிறேன். காவல்காரன் மூக்கைப் பொத்திக்கிட்டு 'அங்கயே நில்லு'ங்கிறான்க்கா! 'நீங்க எந்தத் தெரு'ன்னு கேட்டான். பூக்காரத் தெருன்னு சொன்னா விடுறான். தோல்காரத் தெருன்னு சொன்னா விடல."

சோதித்துப் பார்த்தபோதெல்லாம் கலைமதி பூக்காரத் தெருவையே சொல்லியிருந்தாள். உடனே ஹரிஹரசுதனை அழைத்தாள்.

"ஹரி, அந்தக் கதவை யாருடா பூட்டினது?"

"நான்தான். ஒரு ரியலிசத்துக்கு. அந்தக் காலத்துல அப்படித்தானே?"

"டிராகன் பறக்குற ஊருக்கு ஏதுடா அந்தக் காலம்? நரி தமிழ் பேசுது, அதுக்கு ரியலிசம் வேண்டாம். மனுஷனை வெளியில நிறுத்த மட்டும் வேணுமா?"

"கோவப்படாதீங்க. வர்றவங்க எல்லார்கிட்டயும் 'நீங்க எந்தத் தெரு'ன்னு கேட்க வச்சது நீங்கதானே? கேட்டா, அந்தப் பதிலுக்கு ஏதாவது நடக்கணும்ல?"

கலைமதி நகரத்து மக்களின் வசனக் கோப்பைத் திறந்தாள். நகரத்தில் இருநூற்றுப் பதினொரு பேர். அத்தனை பேர் வாயிலும் முதல் வரி அதுதான். நம்ம ஊர்ப் பேச்சு என்று ஆசையாக எழுதியது. ஆல்பம் கொடுக்கப் போன வீடுகளில் அவளிடமே கேட்டிருக்கிறார்கள்; பதிலைக் கேட்டதும் நாற்காலியைக் காட்டாமல் வாசலிலேயே நிறுத்தி அனுப்பியிருக்கிறார்கள். சாதியை நேரே கேட்கக் கூசும் ஊர், தெருவைக் கேட்கிறது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், சாதியே இல்லாமல் படைத்திருக்கக்கூடிய ஒரே ஊரில், அவள் கையே அதை இருநூற்றுப் பதினொரு முறை எழுதியிருக்கிறது.

"கதவை இப்பவே திறந்துடறேன்," ஹரி கெஞ்சினான். "சாயந்திரம் வரைக்கும் விட்டுடுங்க, ஜெயிச்சிடுவோம்."

"கதவைத் திறந்துட்டா? கேள்வி அங்கேயேதானேடா நிக்கும்?"

நகரத்தைத் தளத்திலிருந்து நீக்கினாள். 'போட்டியிலிருந்து விலகுகிறேன். உங்களிடம் அப்படிக் கேட்டதற்கு மன்னியுங்கள்' என்று எழுதி வைத்தாள்.

பிறகு முதல் காவல்காரனின் வரியை அழித்தாள். அந்த இடத்தில் வேறொன்று எழுத வேண்டும். விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. தெருவைக் கேட்காமல், புதிதாக வரும் ஒரு மனிதரிடம் முதலில் என்ன கேட்பது என்று முப்பத்திரண்டு வயதுக் கலைமதிக்குத் தெரியவில்லை.